எத்தனை தடவை கர்ப்பமாக இருந்தீர்கள்?

ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பத்தாவது நாள் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தால் மனசு என்ன பாடு படும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் போனைப் போடுகிறவள் நான்தான். பெயரைச் சொல்லி, இன்ன ரத்த வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அப்புறம் குரலை இறக்கி, "ஏதாவது இருக்காம்மா?" என்பார்கள். அந்த 'ஏதாவது' எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்த ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வந்ததிலிருந்து எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூடிப்போனது, அதில் தப்பும் இல்லை.

ஆனால் இன்றைக்கு நான் எழுத வந்தது வேறு ஒரு போனைப் பற்றி. ஒரு நோயும் இல்லாத, முகாமுக்குத் தவறாமல் வருகிற, மூன்று பிள்ளை பெற்ற ஒரு அக்காவுக்கு நான் போட்ட போன்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் ரத்த வங்கி டெக்னீஷியனாகப் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். (2020-இல் சட்டத்தில் 'ரத்த மையம்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள், வாசலில் போர்டும் மாறியது, ஆனால் நாங்கள் உட்பட யாரும் அப்படிச் சொல்வதில்லை.) ஒருநாள் ராத்திரி டியூட்டியில் ஈரல் கெட்டுப்போன ஒரு நோயாளிக்கு, ஐம்பது வயசுக்காரர், மறுநாள் காலையில் ஒரு சிகிச்சை செய்ய வேண்டும், ரத்தம் உறைகிற நேரம் மிக அதிகமாக இருக்கிறது என்று நான்கு பை பிளாஸ்மா, அதாவது ரத்தத்தில் அணுக்களைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற திரவம், கேட்டிருந்தார்கள். மைனஸ் 30 டிகிரி ஃப்ரீசரில் இருந்து எடுத்து, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, முதலில் இரண்டு பை கொடுத்து அனுப்பினேன். குரூப் சரி. லேபிள் சரி. கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஐந்து சோதனையும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ், மலேரியா, எல்லாம் நெகடிவ். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், வைக்கோல் நிறத்தில், திரி திரியாக எதுவும் இல்லாமல் தெளிவாக இருந்தது.

இரண்டாவது பை பாதி ஏறும்போது அவருக்கு மூச்சுத் திணறல் ஆரம்பித்தது. வார்டு நர்ஸ் உடனே ட்ரிப்பை நிறுத்தி, பையை டியூபோடு கழற்றி எங்களிடம் திருப்பி அனுப்பினார். அதைத்தான் செய்ய வேண்டும், நிறையப் பேர் பதற்றத்தில் பையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள், அந்த நர்ஸுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். நோயாளிக்குக் காய்ச்சல் ஏறியது, ரத்த அழுத்தம் இறங்கியது, எக்ஸ்ரேயில் இரண்டு பக்க நுரையீரலும் பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளையாக இருந்ததாம். முதலில் எல்லாருக்கும் தோன்றுவதுதான் அங்கேயும் தோன்றியது, திரவம் அதிகமாக ஏறிவிட்டது, இதயம் தாங்கவில்லை என்று நீர் பிரிகிற ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. எக்கோ எடுத்தால் இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. விடிவதற்குள் வென்டிலேட்டர்.

எங்கள் பக்கத்தில் என்னென்ன பார்க்க வேண்டுமோ எல்லாம் மறுபடியும் பார்த்தோம். குரூப்பை மூன்றாவது முறை போட்டேன், கை நடுங்கிக்கொண்டே. திரும்பி வந்த பையில் கிருமி வளர்கிறதா என்று கல்ச்சருக்கு அனுப்பினோம். நோயாளியின் சிவப்பணுவில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கூம்ப்ஸ் டெஸ்ட். எதிலும் ஒன்றுமில்லை. காலையில் வந்த எங்கள் டாக்டர் கோப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த இரண்டு பையையும் கொடுத்தது யாரு, ஆணா பெண்ணா?"

ஒன்று கல்லூரிப் பையன். இன்னொன்று அந்த அக்கா.

பதினோரு வருஷம் அந்த வேலையில் இருந்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் கஷ்டமாக இருக்கிறது. படித்திருக்கிறேன். பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியும் இருக்கிறேன். ஆங்கிலத்தில் டி.ஆர்.ஏ.எல்.ஐ. என்ற ஐந்து எழுத்தைச் சேர்த்து 'ட்ராலி' என்பார்கள், ரத்தம் ஏற்றியதால் திடீரென்று நுரையீரல் பாதிக்கப்படுவது என்று அர்த்தம். ஏற்றும்போதோ, ஏற்றி முடித்த ஆறு மணி நேரத்துக்குள்ளோ வரும். 1980-களில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த போபோவ்ஸ்கியும் மூரும்தான் இதற்கு இந்தப் பெயரை வைத்து, ரத்தம் கொடுத்தவர்களின் பிளாஸ்மாவில் இருந்த ஆன்டிபாடிகளோடு, அதாவது வேற்று அணுக்களை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிற எதிர்ப்புப் புரதங்களோடு, இதைத் தொடர்புபடுத்தினார்கள். அமெரிக்காவில் ரத்தம் ஏற்றியதால் நேர்ந்தவை என்று அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட மரணங்களில் பல வருஷம் முதலிடத்தில் இருந்தது இதுதான். தொற்று நோய் எதுவும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

என்ன நடக்கிறது என்று முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். கை நரம்பில் ஏற்றுகிற எதுவாக இருந்தாலும் இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நேராக நுரையீரலுக்குத்தான் போகும். ஏற்கெனவே உடம்பு மோசமாக இருக்கிறவர்களுக்கு, ஆபரேஷன் ஆனவர்கள், கிருமித்தொற்று உள்ளவர்கள், ஈரல் கெட்டவர்கள், வெள்ளை அணுக்கள் அந்த நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்ச் சுவர்களில் வந்து ஒட்டிக்கொண்டு, எப்போது வெடிக்கலாம் என்ற நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து வருகிற பிளாஸ்மாவில் அந்த வெள்ளை அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்துவிட்டால், அது போய் ஒட்ட, இவை தங்களுக்குள் வைத்திருக்கிற நொதிகளை அங்கேயே கொட்டிவிடும். குழாய்ச் சுவர் ஓட்டையாகி, நீர் கசிந்து, மூச்சுக்காற்று இருக்க வேண்டிய சிற்றறைகளில் தண்ணீர் நிறைந்துவிடும். வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றியதால் வந்தது என்று நினைத்து நீர் பிரிகிற ஊசி போட்டால் இருக்கிற ரத்த அழுத்தமும் இறங்கும். ஆக்சிஜனும் வென்டிலேட்டரும் காத்திருப்பதும்தான் சிகிச்சை. பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுவார்கள், தேறாதவர்களும் உண்டு.

சரி, இதில் பெண்ணா என்ற கேள்வி ஏன்?

ஒரு பெண்ணின் வயிற்றில் வளர்கிற குழந்தையின் உடம்பில் பாதி அப்பாவிடமிருந்து வந்தது. அதன் அணுக்கள் மேல் இருக்கிற அடையாளங்களில், எச்.எல்.ஏ. என்று சொல்கிற திசு அடையாளங்களில், ஒரு பாதி அம்மாவின் உடம்பு முன்பின் பார்க்காதது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் குழந்தையின் அணுக்கள் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலக்கும். அம்மாவின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்து வைத்துக்கொள்ளும், சில பேருக்கு அது வருஷக்கணக்கில் நிற்கும். இதனால் அந்தக் குழந்தைக்குப் பொதுவாகத் தொந்தரவில்லை, அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை, அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதே தெரியாமல் காலம் முழுக்க ஆரோக்கியமாக இருப்பார். அந்தப் பிளாஸ்மா இன்னொருவர் நரம்பில் ஏறுகிற அன்றைக்குத்தான் விஷயமே.

2009-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரத்தக் கொடையாளர்களைச் சோதித்தார்கள். கர்ப்பமே ஆகாத பெண்களில் 1.7 சதவீதம் பேருக்குத்தான் எச்.எல்.ஏ. ஆன்டிபாடி. ஒரு கர்ப்பம் என்றால் 11.2. இரண்டு என்றால் 22.5. மூன்றுக்கு 27.5. நான்கும் அதற்கு மேலும் 32.2. ரத்தம் ஏற்றிக்கொண்ட ஆண்களில்கூட 1.7 சதவீதம்தான். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் படி ஏறுகிற மாதிரி ஏறுகிறது. இங்கே பிள்ளை என்று எழுதாமல் கர்ப்பம் என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நாங்கள் முதலில் செய்தது ஃப்ரீசரைத் திறந்ததுதான். பிளாஸ்மாவை ஒரு வருஷம் வரை வைத்திருக்கலாம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கலாம், அப்படியென்றால் அந்த அக்கா இதற்கு முன்னால் கொடுத்ததும் அங்கே இருக்கலாம். இருந்தது. கீழ்த்தட்டில், பனி படிந்து, அதே குரூப், அதே கொடையாளர் எண். அதை எடுத்து 'ஏற்றக்கூடாது' என்று எழுதித் தனியாக வைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த நாள் வேறு யாருக்கோ அதை நானே உருக்கிக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் சோதனை. இங்கேதான் என்னுடைய தொழிலில் இருக்கிறவர்களே குழம்புகிற ஒரு இடம் இருக்கிறது. எங்கள் லேபில் 'ஆன்டிபாடி ஸ்கிரீனிங்' என்று நாங்கள் சொல்வது சிவப்பணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுவது. கொடையாளரின் பிளாஸ்மாவை மூன்று விதமான தெரிந்த சிவப்பணுக்களோடு ஜெல் கார்டில் சேர்த்து, 37 டிகிரியில் பதினைந்து நிமிஷம் வைத்து, சுழற்றி எடுப்போம். அணுக்கள் எல்லாம் ஜெல்லைக் கடந்து அடியில் பொட்டு மாதிரி உட்கார்ந்தால் நெகடிவ், மேலேயே கோடாக நின்றால் நான்கு பிளஸ், அதாவது அழுத்தமான பாசிடிவ். ஆன்டி-டி, ஆன்டி-கெல் போன்ற சிவப்பணு ஆன்டிபாடிகள் இதில் மாட்டும். மிக முக்கியமான சோதனை, எல்லா ரத்த வங்கியிலும் கொடையாளர்களுக்குச் செய்ய வேண்டும் என்று சொல்கிற கட்சி நான். ஆனால் அக்காவின் மாதிரியில் இது நெகடிவ். நெகடிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் நாங்கள் தேடியது சிவப்பணுவில், அவரிடம் இருந்ததோ வெள்ளை அணுக்கு எதிரானது. சிவப்பணுவை மட்டும் காட்டிக் கேட்டால் அது பேசாது. அதைப் பிடிக்க, சிறுநீரக மாற்று சிகிச்சைக்குத் திசுப் பொருத்தம் பார்க்கிற லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன பிளாஸ்டிக் உருண்டைகள் மேல் ஒவ்வொரு எச்.எல்.ஏ. அடையாளத்தையும் பூசி வைத்திருப்பார்கள், எதில் ஆன்டிபாடி ஒட்டுகிறதோ அந்த உருண்டை லேசர் பட்டால் ஒளிரும். ஆயிரக்கணக்கில் செலவாகும் சோதனை. எங்கள் டாக்டர் தெரிந்தவர்களிடம் பேசி ஏற்பாடு செய்தார்.

அதற்குப் புது மாதிரி வேண்டும். யாராவது அக்காவுக்குப் போன் போட வேண்டும். நான்தான் போட்டேன்.

யோசித்து வைத்திருந்தேன். 'வணக்கம்' சொன்ன கையோடு, "அக்கா, உங்களுக்கு ஒரு நோயும் இல்லை, எல்லா டெஸ்டும் நார்மல், அதை முதல்ல சொல்லிடுறேன்" என்றேன். அப்படியும் அந்த அமைதி வந்தது. பக்கத்தில் டிவி சத்தம் நின்றது. ஒரு ஆண் குரல் "யாரு? என்னவாம்?" என்றது. அவர் கணவராக இருக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரு பெண்ணின் ரத்தத்தில் 'ஏதோ இருக்கிறது' என்ற ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். மாமியார் காது வரைக்கும் போகும், சொந்தபந்தம் வரைக்கும் போகும், நாளைக்கு மகளுக்கு வரன் பார்க்கும்போது வந்து நிற்கும். நான் பேச்சை நிறுத்தாமல், பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப் பேருக்கு ஒரு வகை எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கும், அது இருந்தால் உங்கள் பிளாஸ்மாவை வேறு விதமாகப் பயன்படுத்துவோம், அதைப் பார்க்க ஐந்து மில்லி ரத்தம் வேண்டும், நீங்கள் வர வேண்டாம், நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "நான் குடுத்தது யாருக்காவது ஒத்துக்கலையாம்மா?"

நோயாளியைப் பற்றிக் கொடையாளரிடம் சொல்லக்கூடாது என்பது விதி, அது சரியான விதி. பொய்யும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உங்க தப்பு எதுவும் இல்லக்கா. நாங்க கேக்க வேண்டிய ஒரு கேள்வியை உங்ககிட்ட கேக்காம விட்டுட்டோம்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் நான் போனபோது காபி போட்டுக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து, "அந்த ஆளு நல்லாயிருக்காரா?" என்றார், ஆள் என்று நான் சொல்லவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்குக் காலையில்தான் அவருக்கு வென்டிலேட்டரை எடுத்திருந்தார்கள்.

ரிப்போர்ட் இரண்டு வாரத்தில் வந்தது. அக்காவிடம் எச்.எல்.ஏ. ஆன்டிபாடிகள் இருந்தன, அதில் ஒன்று நோயாளியின் திசு அடையாளத்தோடு நேராகப் பொருந்தியது. கல்லூரிப் பையனிடம் ஒன்றுமில்லை.

இந்த ஆன்டிபாடியைப் பற்றி நான் கெட்ட விஷயமாகவே எழுதிக்கொண்டு போகிறேனோ என்று தோன்றுகிறது, அது நியாயமில்லை. 1958-இல் நெதர்லாந்தில் ஃபான் ரூட் என்ற இளம் டாக்டர், அதற்கு முன் ரத்தமே ஏற்றிக்கொள்ளாத ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தம் ஏற்றியபோது கடுமையான எதிர்வினை வந்ததைப் பார்த்து, இவளுக்கு இந்த ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது, பிள்ளையிடமிருந்தா என்று தேடப் போனார். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதே வருஷம் அமெரிக்காவில் ரோஸ் பெய்ன் என்ற பெண் விஞ்ஞானியும் தனியாக இதையே கண்டுபிடித்தார். அதற்கப்புறம் பல வருஷம், உலகத்தில் யாருக்கு யாருடைய சிறுநீரகம் பொருந்தும் என்று பார்க்கிற சோதனையே பிள்ளை பெற்ற பெண்களின் சீரத்தை வைத்துத்தான் நடந்தது. எத்தனையோ தாய்மார்கள் பிரசவம் முடிந்து கொடுத்த அந்த ரத்தம்தான் திசுப் பொருத்தம் என்ற துறைக்கே அளவுகோல். அக்காவின் மாதிரியைச் சோதித்துக் கொடுத்ததும் அதே துறைதான்.

ஆன்டிபாடியைத் தேடிப் பிடித்துப் பாதுகாத்த கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர், 2025 பிப்ரவரியில் 88 வயதில் காலமானார். அவர் பிளாஸ்மாவில் ஆன்டி-டி இருந்தது. ஆர்.எச். நெகடிவ் தாய்மார்களுக்கு, வயிற்றுக் குழந்தையைக் காப்பாற்றப் போடுகிற ஊசி மருந்து அதிலிருந்துதான் செய்கிறார்கள். 81 வயது வரைக்கும் 1,173 தடவை வந்து கொடுத்திருக்கிறார். நேராக ஒரு நோயாளிக்கு ஏற்றக்கூடாத பிளாஸ்மா அது. இருக்கிறது என்று தெரிந்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பியதால் லட்சக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று அந்த மாதம் முழுக்கத் தேடித் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 2003 கடைசியிலிருந்து, நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மாவை முடிந்தவரை ஆண்களிடமிருந்து மட்டும் எடுப்பது என்று முடிவெடுத்தார்கள். எந்தப் புது எந்திரமும் வாங்கவில்லை, யாருக்கும் புது டெஸ்ட் செய்யவில்லை, பைகளைப் பிரிக்கும்போது யாருடையது எங்கே போகும் என்பதை மட்டும் மாற்றினார்கள், ட்ராலி பளிச்சென்று குறைந்துவிட்டது. அமெரிக்காவில் 2006 கடைசியில் ரத்த வங்கிகளின் சங்கம் இதே வழியில் போகச் சொன்னது. ஆனால் அங்கே ஏபி குரூப் பிளாஸ்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. பிளாஸ்மாவைப் பொறுத்தவரை ஏபி-தான் எல்லாருக்கும் ஏற்றக்கூடியது, அந்த குரூப்காரர்களே குறைவு, அதில் பாதிப் பேராக இருக்கிற பெண்களை விட்டுவிட முடியுமா? அதனால் ஆண்கள், கர்ப்பமே ஆகாத பெண்கள், கடைசிக் கர்ப்பத்துக்குப் பிறகு சோதித்து எச்.எல்.ஏ. ஆன்டிபாடி இல்லை என்று தெரிந்த பெண்கள், இந்த மூன்று பேரின் பிளாஸ்மா மட்டும் என்று 2014-இல் விதியாகவே கொண்டுவந்தார்கள்.

இங்கே எங்கள் முகாம்களில் நூறு பேர் கொடுத்தால் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். வருகிறவர்களிலும் பாதிப் பேரை ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்புகிறோம். மூன்று பிள்ளை பெற்று, 12.5-க்கு மேல் ஹீமோகுளோபினோடு, வீட்டில் சமையலை முடித்துவிட்டு முகாமுக்கு வந்து நிற்கிற ஒரு பெண்ணை, "உங்க ரத்தம் வேண்டாம்" என்று அனுப்புவது எந்த ஊர் நியாயம்? அவருடைய சிவப்பணு தங்கம். அதைத் தனியாகப் பிரித்து, பாதுகாக்கும் திரவத்தில் போட்டு வைக்கும்போது அதில் பிளாஸ்மா ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும், ஆபத்தும் அதற்கேற்ப ரொம்பக் குறைவு. பிளாஸ்மாவையும் வீணாக்க வேண்டியதில்லை. மருந்து தயாரிக்கிற ஆலைக்கு அனுப்பினால் ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவோடு கலந்து, பக்குவப்பட்டு, ஆல்புமினாகவும் இம்யூனோகுளோபுலினாகவும் ஹீமோபிலியா குழந்தைகளுக்கான மருந்தாகவும் வரும். அந்தக் கலவையில் ஒருவருடைய ஆன்டிபாடி நீர்த்துப் போய்விடும்.

பிரிக்காமல் முழு ரத்தமாகவே ஏற்றுகிற சின்ன ஆஸ்பத்திரிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பிளாஸ்மாவும் சேர்ந்தே போகிறது. அது தனிக் கவலை.

இன்னொன்று, இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது அம்மா ஓடிவந்து கையை நீட்டி, "என் ரத்தத்தை எடுத்து என் பிள்ளைக்குப் போடுங்க, என் ரத்தத்தைவிட எது சேரும்" என்று அழுவார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கூடவே நானும் அழுதிருக்கிறேன். ஆனால் மேலே சொன்னதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அந்த அம்மாவின் உடம்பில் இருக்கும் ஆன்டிபாடி யாருக்கு எதிராக உருவானது? அதே பிள்ளையின் உடம்பில் இருக்கிற, அப்பாவிடமிருந்து வந்த அடையாளத்துக்கு எதிராக. உலகத்தில் இருக்கிற அத்தனை பேரிலும் அது குறிபார்த்துப் போய் ஒட்டக்கூடியது அந்தப் பிள்ளையின் அணுக்களில்தான். அதனால் தாயின் பிளாஸ்மா உள்ள ரத்தம் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறோம். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தை அப்படியே ஏற்றினால் வேறு ஆபத்தும் உண்டு, அந்த ரத்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். ரத்த வங்கிக்காரர்கள் இரக்கமில்லாமல் "வெளி ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்வதாகத் திட்டாதீர்கள். அம்மாவின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, வேறு ஒருவர் கொடுத்ததைப் பிள்ளைக்குப் போடலாம், அப்படித்தான் பல இடங்களில் செய்கிறோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் இடத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். எங்கள் படிவத்தில் பெண்களுக்கான கேள்விகள் முன்பே இருந்தன: இப்போது கர்ப்பமா, சமீபத்தில் கருச்சிதைவு ஆனதா, பால் கொடுக்கிறீர்களா. எல்லாம் அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கான கேள்விகள், இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தோம், அடுத்த அச்சில் அது அச்சாகவே வந்தது: இதுவரை மொத்தம் எத்தனை தடவை கர்ப்பமாக இருந்தீர்கள்? ஒன்றோ அதற்கு மேலோ என்றால் பையில் பச்சை ஸ்டிக்கர். பச்சை ஸ்டிக்கர் உள்ள பிளாஸ்மா ஆலைக்குப் போகும் பெட்டியில் விழும். பிளேட்லெட்டும் கூடுமானவரை அதிலிருந்து எடுப்பதில்லை. இதற்கு ஆன செலவு ஸ்டிக்கர் ரோலின் விலை மட்டும். எல்லாப் பெண்களுக்கும் எச்.எல்.ஏ. சோதனை செய்ய நம்மிடம் காசு இல்லை, அது எனக்குப் புரிகிறது, ஆனால் கேள்வி கேட்கக் காசு எதற்கு? இதை எங்கள் மாதிரி ஒரு ரத்த வங்கியின் வழக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், நாடு முழுக்கப் படிவத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் நான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது.

அப்புறம் நான். நானும் கொடுக்கிறவள்தான். முதல் முகாமில் இந்தப் புதுப் படிவத்தோடு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். என்னோடு வேலை செய்கிற பெண்தான் கேட்டாள், "அக்கா, எத்தனை?" "ரெண்டு" என்றேன், வீட்டில் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் எழுதிவிட்டாள். எழுந்து படுக்கைக்குப் போய்ப் படுத்து, கையில் பட்டையைக் கட்டிய பிறகுதான் எனக்குப் பெரியவனுக்கு முன்னால் மூன்றாம் மாதத்தில் போனது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று எழுதுவது சரியில்லை, மறந்தால்தானே. சுற்றி இத்தனை பேர் இருக்கிற இடத்தில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. கலைந்ததும் கணக்கில் வரும் என்று அந்தக் கேள்வியை எழுதியவளே நான்.

அவளைக் கூப்பிட்டு மெதுவாக "மூணுன்னு மாத்திக்கோ" என்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் மாற்றினாள்.

என்னாலேயே முடியவில்லை என்றால், வரிசையில் பக்கத்து வீட்டுக்காரரும் கணவரின் நண்பரும் நிற்கும்போது வேறு எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? அடுத்த முகாமிலிருந்து பெண்களுக்கான படிவத்தை நிரப்புகிற மேசையைத் தனியாக, திரைக்குப் பின்னால் போட்டோம். இரண்டே நாற்காலி. கேட்பதும் பெண், பதில் சொல்வதும் பெண். பிறந்தது, கலைந்தது, கலைத்தது எல்லாம் சேர்த்து எத்தனை என்று கேட்கிறோம், எண்ணை மட்டும் எழுதுகிறோம், எது எப்படி என்று எழுதுவதில்லை. அக்கா போன மாதம் அங்கே வந்து உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே விரலை நீட்டிக் காட்டினார், நான்கு.